அடைக்கலமேரி மனப்பாடம் செய்வதில்லை

“இனிமே என் உசிரு உள்ளமட்டும் ஒத்த வரி மனப்பாடம் பண்ணமாட்டேன். மண்டையில ஏத்தி வைக்கிற சோலியெல்லாம் இனி மெசினுக்கு. நான் கேப்பேன், அது சொல்லும்.”

1985ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைப் பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தபோது, கொடைக்கானல் மலையின் வில்பட்டிக் கோயில் வாசலில் நின்று அடைக்கலமேரி இப்படிப் பிரகடனம் செய்தாள். பிரகடனம் என்பது பெரிய வார்த்தைதான். ஆனால் அவள் நின்றது மேல்படியில், மற்றவர்கள் நின்றது கீழ்ப்படியில் என்பதால் வேறு வார்த்தை பொருந்தாது. சாட்சிகளுக்கும் குறைவில்லை. பங்குச் சாமியார் இருந்தார். பீன்ஸ் விலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நாலு பேர் இருந்தார்கள். கேரட் மூட்டையை இறக்கிவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு கோவேறு கழுதையும் இருந்தது. கழுதை காதை ஒருமுறை ஆட்டியது. மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதன் கனம் அவர்களை அப்படி அழுத்திவிட்டது.

கனம் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அடைக்கலமேரி மனப்பாடம் பண்ணமாட்டேன் என்று சொல்வது, கொடைக்கானல் இனிமேல் குளிரமாட்டேன் என்று சொல்வதற்குச் சமம். அவள் அப்பா மனுவேல் வீட்டில் சோற்றுத் தட்டுக்குக் காசு செலவழித்ததே கிடையாது. வருடந்தோறும் ஞானோபதேச மனப்பாடப் போட்டியில் முதல் பரிசு எவர்சில்வர் தட்டு. வருடந்தோறும் அது மனுவேல் வீட்டுக்கே வந்து சேரும். தட்டின் நடுவில் ‘முதல் பரிசு’ என்று வெட்டியிருக்கும். குழம்பு தீரத் தீர அந்த எழுத்து மேலே வரும். பொன்னுக்கு வீங்கி வந்து தாடை உப்பியிருந்த ஒரு வருடம் மட்டும் அவளுக்கு ஆறுதல் பரிசு. அந்தத் தட்டையும் வீணாக்கவில்லை. வேண்டாத விருந்தாளி வந்தால் அம்மா கித்தேரியம்மாள் அதில்தான் சோறு போடுவாள்.

கட்டளைகள், தேவ இரகசியங்கள், மாதா பிரார்த்தனை, பாண்டிய மன்னர்களின் வரிசை, தனிம அட்டவணை எல்லாம் அவள் வாயிலிருந்து ஒரே ராகத்தில், மூச்சு விடாமல் வரும். சாமியார் நடுவில் தும்மினால் நின்று, அவர் மூக்கைத் துடைத்த பிறகு, விட்ட எழுத்திலிருந்தே ஆரம்பிப்பாள்.

இப்படி இருந்தவள் மனப்பாடத்தின் மேல் நம்பிக்கை இழந்ததற்கு ஒரு வௌவால் காரணம். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் ஒளி விலகலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவளுக்கு வரி தடம் மாறி, விலங்கியல் பாடத்து வௌவால் பத்தி முழுதாக இயற்பியலுக்குள் வந்து தலைகீழாகத் தொங்கிவிட்டது. விடைத்தாள் திரும்பி வந்தபோது பார்த்தாள். முழு மதிப்பெண். ஓரத்தில் ‘நன்று’ என்று வேறு எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கலங்கடித்தது. புரியாமல் எழுதியவளும் படிக்காமல் திருத்தியவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டதற்கு நன்று என்றா பெயர்?

அதே வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பிரமுகர், கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது, அது எதையும் மறக்காது என்று மேடையில் சொல்லிவிட்டு, தன் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். அடைக்கலமேரிக்கு வழி தெரிந்துவிட்டது. மலையடிவாரத்தில், பழனிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். சேர்ந்துவிட்டாள்.

மனுவேல் இந்தச் செய்தியை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் லாரியோடு சேர்த்தே கொண்டுபோனார். கம்ப்யூட்டர் என்றால் டைப்படிப்பதுதானே என்று கமிஷன் மண்டிக்காரர் கேட்டார். டைப்படிப்பதுதான், ஆனால் அது தானே யோசிக்கும் என்றார் மனுவேல்.

“அதுவே யோசிச்சுருச்சுன்னா பிள்ளைக்கு அங்க என்னங்க சோலி?” என்றார் மண்டிக்காரர்.

மனுவேல் காலி லாரியில் மலையேறும் வழியெல்லாம் இதை யோசித்தார். பெருமாள்மலை தாண்டியும் பதில் வரவில்லை. வீட்டில் யாரிடமும் கேட்கவும் இல்லை.

கல்லூரியில் கம்ப்யூட்டர் இருந்த அறையை அறை என்று சொல்வது அபசாரம். அது கர்ப்பக்கிரகம். செருப்பை வெளியே விட வேண்டும். காலைத் துடைக்க வேண்டும். திரைச்சீலை விலக்கி உள்ளே போனால் ஏ.சி. மெல்ல உறுமும். உள்ளே மூன்று கம்ப்யூட்டர்கள். அவற்றில் எப்போதும் ஒன்று உயிரோடிருக்கும். எது உயிரோடிருக்கும் என்பது அன்றன்று தெரியும். காவலாக விரிவுரையாளர் சேனாதிபதி. அவர் அடிப்படையில் இயற்பியல்காரர். சென்னைக்குப் போய் இரண்டு மாதப் பயிற்சி எடுத்துக்கொண்டு, போனவர் வேறு, வந்தவர் வேறு என்று சொல்லும்படி திரும்பியிருந்தார். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கப் போன பியூனை அவர் பாய்ந்து தடுத்ததும், பிறகு யாரும் பார்க்காதபோது தாமே திரையின் மேல்விளிம்பில் ஒரு சின்னக் கீற்று விபூதி இட்டுவிட்டதும் வரலாறு.

ஏ.சி. அறையில் அடைக்கலமேரிக்கு எதிர்பாராத ராஜயோகம் அடித்தது. பழனி வெயிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். அவளுடைய தோழி வடிவு, அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவரின் மகள், இரண்டு தாவணியை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டும் நடுங்குவாள். அடைக்கலமேரி மட்டும் ஏதோ வெயில் காய்கிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். வில்பட்டியில் இதற்குச் சித்திரை மாதம் என்று பேர் என்பாள். குளிர் தாங்காமல் ஒவ்வொருத்தியாக எழுந்து போக, மிச்சமிருக்கும் நேரமெல்லாம் அவளுக்கே வரும்.

ஆனால் உலகம் ஒரு லட்சியவாதியை அவ்வளவு லேசில் விட்டுவிடுவதில்லை. முதல் பருவத்தின் முதல் கேள்வியே ‘கம்ப்யூட்டர் என்றால் என்ன?’ என்பதுதான். சேனாதிபதி நான்கு வரி விளக்கம் கொடுத்து, எழுத்துப் பிசகாமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். அடைக்கலமேரி சொந்தமாக எழுதினாள். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, ஏன் என்று கேட்காது என்று எழுதினாள். நாலுக்கு அரை.

“ஏம்மா, உன் அபிப்பிராயத்தை இப்ப யாரு கேட்டா?” என்று சேனாதிபதி வருத்தத்தோடு விசாரித்தார்.

“நாலே வரிதானடி, மாத்திரை மாதிரி முழுங்கிட்டுப் போயேன்” என்றாள் வடிவு. அவள் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை முழுங்குகிறவள். அச்சடித்தவர் முகவரியும் அதில் அடக்கம்.

“முழுங்கமாட்டேன். கோயில் வாசல்ல சொல்லிட்டு வந்துருக்கேன்.”

“யாருகிட்ட சொன்ன?”

“எல்லார்கிட்டயும்.”

வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் வாழ்க்கையை எவ்வளவோ முறை ஒப்பித்தவள் ஆதலால் அரை மதிப்பெண்ணை அவள் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்கு உண்மையில் இடியாக வந்தது வேறு. எதையும் மறக்காது என்று பிரமுகர் சொன்ன அந்த மெஷினுக்கு மறதியில் இணையே இல்லை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அவள் அடித்து வைத்த புரோகிராம், கரண்ட் ஒரு இமை கொட்டியதும் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. திரை மறுபடி எரிந்தபோது ஒரு பச்சைக் கோடு மட்டும் ஓரத்தில் மின்னிக்கொண்டு, யாரம்மா நீ என்று கேட்பது போல நின்றது. அடைக்கலமேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் தும்மியபோதுகூட விட்ட இடத்தை அவள் மறந்ததில்லை. இதற்குத் தும்மல்கூட வேண்டியிருக்கவில்லை.

“எழுதி வச்சதெல்லாம் எங்க சார் போச்சு?”

“போச்சும்மா. அதுக்குத்தான் பிளாப்பி” என்றார் சேனாதிபதி.

பிளாப்பி என்பது அப்பளம் அளவுக்கு, கறுப்பாக, சதுரமாக, தொட்டால் வளையும் தகடு. அதில் பதிந்து வைத்தால் கரண்ட் போனாலும் போகாது. ஆனால் அது பீரோவில் பூட்டிக் கிடந்தது. சாவி சேனாதிபதியின் பூணூலில் இருந்தது. மூன்றாம் வருடம் புராஜெக்ட் செய்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொந்தமாக மதுரையிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அடைக்கலமேரி தன் பிரகடனத்தில் ஒரு சிறிய திருத்தம் செய்துகொண்டாள். மெஷின் மறந்தால் என்ன, பிளாப்பி மறக்காது. கொள்கை அப்படியே இருக்கிறது, முகவரி மட்டும் மாறியிருக்கிறது.

மூன்றாம் வருடம் அவள் எடுத்துக்கொண்ட புராஜெக்ட் பஸ் நேரம். ஊர்ப் பெயரை அடித்தால் பழனியிலிருந்து அந்த ஊருக்கு அடுத்த பஸ் எப்போது என்று மெஷின் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு பலகையைப் பார்த்து நேரங்களை எழுதிக்கொண்டு வந்து, கோபால் (COBOL) என்னும் கம்ப்யூட்டர் மொழியில் நீளமாக ஒரு புரோகிராம் எழுதினாள். கோபால் மொழி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இங்கிலீஷில் பிரசங்கம் செய்வது போன்றது. எதையும் சுருக்கமாகச் சொல்ல விடாது. நான் இன்னார், நான் ஓடப்போகும் மெஷின் இன்னது, என்னிடம் உள்ள சரக்கு இன்னின்னது, இனி நான் செய்யப்போவது இது என்று அத்தியாயம் அத்தியாயமாக அறிமுகம் செய்துகொள்ளும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் முற்றுப்புள்ளி வேண்டும். ஒரு புள்ளியை விட்டால் திரை நிறையக் குற்றப்பத்திரிகை வாசிக்கும்.

மதுரையிலிருந்து பிளாப்பி வந்து சேரத் தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் தாண்டிற்று. அதுவரை ஒவ்வொரு வாரமும் அந்தப் பிரசங்கம் முழுவதையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியிருந்தது. அடித்து, ஓட்டிப் பார்த்து, பிழை கண்டு, திருத்துவதற்குள் நேரம் முடியும். மெஷினை அணைத்ததும் எல்லாம் மறைந்துபோகும். அடுத்த வாரம் மறுபடி முதல் வரி. அடிக்கும்போது அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வரும். அது சின்ன வயதுப் பழக்கம்.

வார இறுதியில் வீட்டுக்குப் போனாலும் விடவில்லை. அடுப்படியில் அம்மா பூண்டு உரிக்க, இவள் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எங்கே பிழை என்று பார்க்கிறாளாம்.

“ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன்” என்பாள்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பாள் கித்தேரியம்மாள், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்விரான்மென்ட் டிவிஷன்.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

“அம்மா, இது மாதா பிரார்த்தனை இல்ல.”

“இருந்துட்டுப் போகட்டுமே. நிறுத்தி நிறுத்திச் சொல்றியே, நடுவுல சும்மா இருக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

ஹாஸ்டலிலும் இதே கதைதான். ராத்திரிச் சாப்பாட்டு வரிசையில் அவள் உதடு அசைவதை வடிவு கண்டுபிடித்து, மனப்பாடம் பண்ணுகிறாயா என்று கேட்டாள். அடைக்கலமேரிக்குக் கோபம் வந்துவிட்டது. மனப்பாடமா? அவளா? செக் பண்ணுகிறாள். மனப்பாடம் என்பது புரியாமல் சொல்வது, செக் பண்ணுவது என்பது புரிந்துகொண்டு திரும்பத் திரும்பச் சொல்வது. வித்தியாசம் வடிவுக்கு விளங்கவில்லை. முழுங்குகிறவர்களுக்கு இதெல்லாம் விளங்காது.

ஒருவழியாகத் தை மாதத்தில் பிளாப்பி வந்தது. புரோகிராமைப் பதிந்தாள். கரண்ட் போய் வந்த பிறகு திறந்து பார்த்தாள். முற்றுப்புள்ளி உட்பட எல்லாம் இருந்தது. அன்று அவள் அடைந்த ஆனந்தத்தில், எழுதி வைத்த காகிதம் மொத்தத்தையும் ஊருக்குக் கொண்டுபோய் அடுப்புப் பற்றவைக்க அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். ஒரு பிரதியாவது வைத்துக்கொள் என்று வடிவு மன்றாடினாள். பிளாப்பி இருக்கும்போது காகிதம் வைத்துக்கொள்வது நம்பிக்கைக் குறைவு என்று பதில் வந்தது. அச்சடித்து வைக்கலாமென்றால் அதற்கும் சேனாதிபதி வழி வைக்கவில்லை. முந்தைய வருடம் ஒருவன் புராஜெக்டை மதுரையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டதால், இனி வெளித் தேர்வாளர் கண்முன்னே பிளாப்பியிலிருந்து ஓட்டிக் காட்டி, அவர் கண்முன்னே அச்சடிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வரி அச்சாகக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்.

இதற்கிடையில் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடம் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. வாங்கி, பூ வேலைப்பாடு செய்த வெல்வெட் துணியால் மூடி, தலைமையாசிரியை அறையில் வைத்திருந்தார்கள். விழா நாட்களில் துணியை விலக்கிக் காட்டுவார்கள். ஸ்விட்ச் போட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. தலைமையாசிரியை உபகாரம் டீச்சர் கிறிஸ்துமஸுக்கு மனுவேல் வீட்டுக்கே வந்து, முதல் பரிசுத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னார்.

“ஜூன்ல டிகிரியோட வந்துரு மேரி. போஸ்ட் உனக்குத்தான். ஒரு பேப்பர் நின்னாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது, மதுரையில ஒரு ஆள் ரெடியா கெடக்கான்.”

ஆகவே எல்லாம் அந்தக் கறுப்புத் தகட்டில் வந்து நின்றது. தகடு ஓடினால் புராஜெக்ட், புராஜெக்ட் இருந்தால் டிகிரி, டிகிரி இருந்தால் வெல்வெட் துணி.

1988இல் பங்குனி உத்திரமும் புனித வாரமும் ஒன்றாக வந்தன. இரண்டும் பௌர்ணமியைப் பார்த்து வருவதால் அப்படி அமைவதுண்டு. பழனி முழுக்கத் தீர்த்தக் காவடிகள்; ஹாஸ்டலுக்குப் போகும் பாதையில்கூடக் கொடுமுடியிலிருந்து நடந்து வந்தவர்கள் படுத்துக் கிடந்தார்கள். கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். ஈஸ்டருக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு. சேனாதிபதி அவரவர் பிளாப்பியை அவரவரிடம் கொடுத்து, சூடு ஆகாது, தூசி ஆகாது, ஈரம் ஆகாது, காந்தம் ஆகாது என்று ஒரு பத்தியத்தையும் சொல்லி அனுப்பினார்.

அடைக்கலமேரி அதைச் செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, சவரிக்காட்டு வளைவெல்லாம் மூச்சைப் பிடித்து மலையேறி வீட்டுக்கு வந்தாள். வில்பட்டியில் காந்தம் இல்லை. தூசி இல்லை. சூட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஈரம்தான் உண்டு. பிற்பகலில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, துணிமணியையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுப் போகிற வீடு அது. எனவே அவள் அம்மாவிடம் பத்தியத்தில் முக்கால்வாசியை விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் சொன்னாள்.

“அம்மா, இதுல என் மூணு வருசப் படிப்பு இருக்கு. ஈரம் மட்டும் படக்கூடாது. எலி வாய் வைக்கக்கூடாது. பத்திரமா வச்சுரு.” சொல்லிவிட்டுப் பெரிய வியாழன் பூசைக்குப் பாட்டு ஒத்திகை பார்க்க ஓடிவிட்டாள்.

கித்தேரியம்மாள் பிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். பெட்டியில் வைத்தால் ஈரம். மாடத்தில் வைத்தால் எலி. அந்த வீட்டில் ஈரமும் படாமல், எலியும் வராமல், அடுத்த போகம்வரை முளைவிடாமல் கெடாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான். விதைப்பூண்டு. மலைப்பூண்டைத் தாளோடு கட்டி, அடுப்புக்கு மேலே மூங்கில் கம்பில் தொங்கவிட்டு, நாள்தோறும் புகை காட்டிக் காப்பாற்றுவது அங்கே காலங்காலமான வழக்கம். வீட்டில் உள்ள பொருள்களிலேயே மிக உயர்ந்த மரியாதை அந்தக் கம்புக்குத்தான். கித்தேரியம்மாள் யோசிக்கவே இல்லை. பிளாப்பியின் நடுவில் கடவுளே போட்டு வைத்தது போல ஒரு ஓட்டை இருந்தது. அதில் நாரைக் கோத்து, இரண்டு நல்ல பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டாள். ஈஸ்டருக்குக் கறியும் வெந்தது, பலகாரமும் வெந்தது. அடுப்பு அணையவே இல்லை.

திங்கட்கிழமை வெள்ளனே, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா அதைக் கம்பிலிருந்து இறக்கி, முந்தானையால் கரியைத் துடைத்து, மகள் கையில் கொடுத்தாள். பிளாப்பி ஓரமெல்லாம் நெளிந்து, பொரித்த அப்பளம் போல ஒரு பக்கம் எழும்பியிருந்தது. பூண்டு மணம் தூக்கிற்று.

அடைக்கலமேரி அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் வேலையைச் சரியாகச் செய்தவளின் நிம்மதி இருந்தது.

“இத்தனை நாளும் நானே பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேன். பொட்டு ஈரம் இல்ல பாரு” என்றாள் கித்தேரியம்மாள்.

“ஆமாம்மா. நல்லா காஞ்சிருக்கு” என்றாள் அடைக்கலமேரி. நாக்கு நுனிவரை வந்த வேறு வார்த்தைகளை அவள் விழுங்கினாள். அதுவரை எதையும் முழுங்கமாட்டேன் என்று இருந்தவள், முதலில் முழுங்கியது அதைத்தான்.

வெளித் தேர்வாளர் பரமானந்தம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். காலையில் மலைக்கோயிலில் தரிசனம், பகலில் தேர்வு, மாலையில் கொடைக்கானல் என்று அவருக்குத் திட்டம். மனைவி மக்களைக் கல்லூரி வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வடிவின் புராஜெக்ட் பஞ்சாமிர்தத்தின் சேர்மானங்களைப் பற்றியது. அது தட்டுத்தடங்கலின்றி ஓடி முடிந்தது. அடுத்தது அடைக்கலமேரி.

பிளாப்பியை மெஷின் வாயில் வைத்தாள். மெஷின் அதை மென்றது. கடகடவென்று சத்தம் போட்டது. ஒருமுறை நிறுத்தி யோசித்தது. பிறகு இதைப் படிக்க முடியாது என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையை விரித்தது. அறையில் மெல்லப் பூண்டு மணம் பரவிற்று. ஏ.சி. அதை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டது.

சேனாதிபதி பிளாப்பியை வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்தார்.

“என்னம்மா இது?”

“ஈரம் படாம வச்சிருந்தோம் சார்.”

பரமானந்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிளாப்பி ஓடாவிட்டால் புராஜெக்ட் இல்லை என்பதுதானே இங்கே விதி என்றார். சேனாதிபதி பிளாப்பியை மேஜைமேல் வைத்தார். விதி அவர் போட்டது. இவ்வளவு நாள் ஏ.சி. குளிரில் தனியாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். சட்டைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். பீரோவைத் திறந்து, யாருக்கும் கொடுக்காத புதுப் பிளாப்பி ஒன்றை உறையோடு அவள் முன்னால் வைத்தார். நீங்கள் இருக்கும்வரை அடித்துப் பார்க்கட்டும் சார், உங்கள் கண்முன்னே தானே என்றார். குரல் கரகரத்தது. குளிர்தான் காரணம்.

அடைக்கலமேரி விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்தாள். காகிதம் இல்லை. அது அடுப்பெரித்துச் சாம்பலாகி, அந்த அடுப்பின் புகையிலேயே பிளாப்பியும் போய்விட்டது. உபகாரம் டீச்சரின் வெல்வெட் துணி ஒரு கணம் கண்ணில் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. விரல் அசைந்தது.

ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன். முற்றுப்புள்ளி.

வரி வரியாக வந்தது. நான் இன்னார், என் மெஷின் இன்னது. ஊர்களும் நேரங்களும் அதே வரிசையில் வந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் அவள் ஒரு மூச்சு நிறுத்தினாள். அந்த இடத்தில் அம்மா சொல்ல வேண்டியது ஒன்று இருந்ததல்லவா. பாதி தாண்டியிருப்பாள், கரண்ட் போயிற்று. உத்திரம் முடிந்தும் ஊரில் சீரியல் விளக்குகள் அவிழ்க்கப்படவில்லை. ஏ.சி. பெருமூச்சு விட்டு நின்றது. பதிந்து வைத்திருக்கவில்லை. வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரண்ட் வந்ததும் அடைக்கலமேரி யாரையும் பார்க்கவில்லை. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை இன்னும் வெரசாகப் போயிற்று. நடுநடுவே பதிந்தும் வைத்துக்கொண்டாள்.

பரமானந்தம் கடிகாரத்தை மறந்துவிட்டு அவள் பின்னால் வந்து நின்றார்.

“எதைப் பார்த்தும்மா அடிக்கிறீங்க?”

“எதையும் பார்க்கல சார்.”

“அப்ப மனப்பாடமா?”

அறையே அவளைப் பார்த்தது. வடிவு மிகவும் கூர்ந்து பார்த்தாள்.

“செக் பண்ணிக்கிட்டிருக்கேன் சார்” என்றாள் அடைக்கலமேரி, விரலை நிறுத்தாமல்.

கடைசி வரி ஸ்டாப் ரன். முற்றுப்புள்ளி. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, தனக்கு மட்டும் கேட்கும்படி, ஆமென் என்றாள்.

மெஷின் ஒரு குற்றமும் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டது. பரமானந்தம் தாமே குனிந்து ஒற்றை விரலால் கொடைக்கானல் என்று அடித்தார். அடுத்த பஸ் நேரத்தை அது சொல்லியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். குடும்பத்தைத் திரட்டிக்கொண்டு ஓடினார். அந்த பஸ் அன்று வெகுநேரம் தாமதமாக வந்ததாகப் பிறகு தெரிந்தது. அதைப் புரோகிராமின் குறையாகக் கொள்ளக் கூடாது. மெஷின் சொன்ன நேரம் சரியானது; தவறான நேரத்துக்கு வந்தது பஸ்தான்.

ஜூன் மாதம் கொடைக்கானல் பள்ளியில் வெல்வெட் துணி விலக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கட்டிச் சுற்றி நின்றார்கள். உபகாரம் டீச்சர் ஜெபம் சொன்னார். அடைக்கலமேரி மிஸ் ஸ்விட்சைப் போட்டார். திரை பச்சையாக ஒருமுறை கண் விழித்தது. வெளியே மழை பிடித்தது. கரண்ட் போயிற்று.

மழைக் காலத்தில் கொடைக்கானலில் போன கரண்ட் எப்போது வரும் என்று எந்தப் புரோகிராமாலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் இருட்டில் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார்கள். இனி என்ன செய்வது மிஸ் என்று ஒரு பெண் கேட்டாள்.

அடைக்கலமேரி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வில்பட்டிக்காரர்கள் யாரும் இல்லை.

“நோட்டை மூடுங்க. எழுத வேண்டாம்” என்றாள். “நான் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்லுங்க. ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன்.”